மாடி ஏறாத வீட்டுக்காரி

திருநெல்வேலி டவுனிலிருந்து குறுக்குத்துறைக்குப் போகிற வழியில் பிரம்மநாயகிக்குச் சொந்தமாக ஒரு மாடிவீடு இருக்கிறது. கீழ்வீட்டில் அவளும் அவள் வீட்டுக்காரர் பாபநாசமும் இருக்கிறார்கள். அவர் மின்சார வாரியத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் கனடாவில். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். ஊரில் மாடி ஏற ஆசைப்படுகிறவர்கள் நிறைய, அவர்களுக்கு மாடி இல்லை. பிரம்மநாயகிக்கு மாடி இருந்தது, ஏறுவதற்கு மூச்சு இல்லை. நாலு படி ஏறினால் நெஞ்சில் யாரோ காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, காக்காயை வேடிக்கை பார்க்க வந்தவளாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பைய இறங்கிவிடுவாள். பிறகு அந்த நாலு படியையும் விட்டாள். சொந்த மாடியைக் கண்ணால் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது.

கேட்டால் வாயு என்பாள்.

அந்த வாயுவுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அவள் பிறந்த ஊர் ஏரல். அப்பாவுக்கு அங்கே பாத்திரக்கடை. அவள் சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டர் ஒருவர், வரிசையாகப் பிள்ளைகளின் நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டே வந்தவர், இவளிடம் வந்ததும் நின்றுவிட்டார். மறுபடி வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்பாவை வரவழைத்து, "பிள்ளைக்குப் பிறவியிலேயே இதயத்துல ஒரு வால்வு சரியா அமையல. அரைகுறையாத் திறந்த மதகுல தண்ணி போற மாதிரி இரையுது. மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்க" என்றார். அப்பா மதுரைக்கும் கொண்டுபோனார். அங்கே இருந்த பெரிய டாக்டர், இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஓடியாட விடாதீர்கள், வருடத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். ஓடியாட விடாததை அப்பா அட்சரம் பிசகாமல் செய்தார். கொண்டுவந்து காட்டுவதை மறந்துவிட்டார்.

மறந்துவிட்டார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வருடாவருடம் மதுரைக்கு நெஞ்சைக் காட்டப் போகிற பெண்ணை எவன் கட்டுவான்? அதனால் ஊர் திரும்பியதும், "பிள்ளைக்கு வாயு" என்று அறிவித்துவிட்டார். வாயுவில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பருப்பும் வாழைக்காயுமாகத் தின்கிற குடும்பங்களில் அது இல்லாத ஆளே கிடையாது. வாயு என்று சொன்னால் எதிராளி அனுதாபப்பட மாட்டார், தன் வாயுவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

இப்படியாகப் பிரம்மநாயகி, சீர் பாத்திரங்களோடும் வாயுவோடும் பாபநாசத்துக்கு வாழ்க்கைப்பட்டாள். மாமியார் பெருங்காயம் கரைத்த மோர் கொடுத்தாள். பிரசவம் பார்த்த டாக்டரம்மா நெஞ்சில் ஏதோ சத்தம் கேட்கிறதே என்றபோது, "அது அவளுக்குச் சின்னதுலயே உண்டு, வாயு" என்று மாமியார்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். மாமியாருக்குப் பிறகு பாபநாசம் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். சுக்கு, ஓமம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்துப் பொடித்து, டப்பாவில் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டு மனைவியின் பின்னாலேயே அலைவார். திறக்க மாட்டேன் என்கிற இதயக் கதவுக்கு ஒரு ஆயுசு முழுக்க ஓமப்பொடி போட்டு வைத்தியம் பார்த்த குடும்பம் அது.

பிரம்மநாயகிக்கு மட்டும் விஷயம் தெரியும். டாக்டர் மதகு என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டவள்தானே. யாரிடமும் சொல்லாமல், சிவனிடம் மட்டும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டாள். நீ இந்த நெஞ்சைப் பார்த்துக்கொள், நான் உன் விரதத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பிரதோஷம், சஷ்டி, சோமவாரம் எதையும் விடவில்லை. பட்டினி கிடந்து கிடந்து வயிற்றில் புண் வந்து, ஒரு கார்த்திகைச் சோமவாரத்தில் ரத்தமாகவே வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதையும் வீட்டில் வாயு என்றே முடித்தார்கள்.

உடம்பு இப்படி இருந்தாலும் வீட்டை அவள் ஆண்டாள். வாசல் கேட்டில் ஒரு போர்டு தொங்கும். 'மாடி வாடகைக்கு. சைவம் மட்டும்.' மட்டும் என்பதன் கீழே இரண்டு கோடு. வருகிறவர்கள் நாங்கள் சைவம் என்று சொன்னால் போதாது, பரீட்சை உண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளைக்குப் போடுகிற சொதிக் குழம்பை எப்படி வைப்பது என்று கேட்பாள். திருநெல்வேலிச் சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண்ணாக இருந்தால் அது தெரியாமல் இருக்காது என்பது அவள் கணக்கு. தேங்காய்ப்பாலை ஒரேயடியாக ஊற்றுவோம் என்று சொன்னவர்கள் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

ஒருமுறை ஜெனோவா என்று ஒரு பெண் வந்தாள். உவரிக்காரி. வண்ணார்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்திருந்தாள். கழுத்தில் சின்னதாகச் சிலுவை. சைவமா என்று கேட்டதற்கு அவளுக்குப் பொய் வரவில்லை. "மீன் இல்லாம எங்களுக்குச் சோறு இறங்காதும்மா. ஆனா சன்னலைச் சாத்திட்டுத்தான் வைப்பேன். உங்களுக்கு வாடையே வராது" என்றாள்.

"போர்டைப் படிச்சியா?" என்றாள் பிரம்மநாயகி.

"படிச்சேம்மா. கேட்டுப் பாப்பமேன்னுதான்..."

"படிச்சாச்சுல்ல" என்று கதவைச் சாத்தினாள். அந்தப் பெண் நின்ற இடத்தில் தண்ணீர் தெளித்ததாக எதிர்வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். பிரம்மநாயகி அதை மறுத்ததில்லை.

அப்புறம் வந்தவர்கள்தான் சிவகணேஷும் வேணியும். தென்காசிப் பக்கத்துப் பிள்ளைமார். அவன் வங்கியில் வேலை. நெற்றியில் திருநீறு பட்டையாக இருந்தது. வேணி சொதியை ஒரு மூச்சில் ஒப்பித்தாள். "காயை மூணாம் பால்ல வேக வைக்கணும் அத்தை, ரெண்டாம் பாலை அப்புறம் விடணும். முதல் பாலை விட்டதும் அடுப்பை அணைச்சிரணும், கொதிச்சாத் திரிஞ்சிரும். எலுமிச்சம்பழம் இறக்குனதுக்கப்புறம்." இஞ்சித் துவையலையும் கேட்காமலே சொன்னாள். பிரம்மநாயகி அன்றைக்கே சாவியைக் கொடுத்தாள்.

அவர்கள் வந்ததிலிருந்து அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாது மத்தியானம் மாடியிலிருந்து சாம்பிராணிப் புகை இறங்கும். சும்மா ஒரு கரண்டி இல்லை, தெருவே மணக்கிற அளவுக்கு. "இந்தக் காலத்துல இவ்வளவு பக்தியா ஒரு குடும்பம்!" என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எந்தச் சாமிக்கு இவ்வளவு சாம்பிராணி என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அதே ஞாயிற்றுக்கிழமைகளில் உவரி மீன் கொண்டுவருகிற மீன்காரர் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு அந்தத் தெரு வழியாகப் போவார். அவர் தாண்டியதும் பிரம்மநாயகி ஒரு வாளித் தண்ணீரை எடுத்துவந்து வாசலைக் கழுவிவிடுவாள். அவர் தெருமுக்கில் போய் நிறுத்துவார். யாருக்காக நிறுத்துகிறார் என்று பார்க்க முக்கு வரைக்கும் நடக்க அவளுக்கு மூச்சு போதாது.

போன மாசியில் ஒரு ஞாயிறு, அப்படித்தான் வாளியோடு வந்தவள் வாசலில் கண் இருட்டிச் சுருண்டு விழுந்தாள். வாளி உருண்டது. தெரு முழுக்க எட்டிப் பார்த்ததே தவிர கிட்டே வர யாருக்கும் கால் வரவில்லை. பைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர் மீன்காரர்தான். கையைக் கழுவிவிட்டு வர அவருக்கு நேரம் இருக்கவில்லை. ஆட்டோவில் நினைவு திரும்பியதும் பிரம்மநாயகி முதலில் உணர்ந்தது தன் சேலையில் அடித்த மீன் வாடையைத்தான். அதற்காகவே இன்னொரு தடவை மயங்கினாள்.

ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் அலி அஸ்கர். காயல்பட்டினத்துக்காரர். நெஞ்சை ஸ்கேன் செய்து, திரையில் படத்தைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார்.

"இந்த வால்வுக்கு மூணு இதழ் இருக்கணும்மா. உங்களுக்குப் பிறவியிலேயே ரெண்டுதான். இத்தனை வருசம் அந்த ரெண்டும் மூணோட வேலையைப் பார்த்திருக்கு. இப்ப சுண்ணாம்பு படிஞ்சு கல்லாயிட்டு, திறக்க மாட்டேங்குது. நெஞ்சைத் திறந்து வேற வால்வு வைக்கணும். சின்ன வயசுல யாரும் சொல்லலையா?"

"அது வாயு சார்" என்றார் பாபநாசம்.

டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பிரம்மநாயகியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பாபநாசத்துக்கு மெல்ல மெல்ல விளங்கியது.

"ஏ நாயகி, உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்லியிருந்தா ஏரல்லயே கொண்டு விட்டுருப்பிய."

பாபநாசம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "நான் விட்டிருக்க மாட்டேன். அம்மா விட்டிருப்பா" என்றார். இத்தனை வருடமும் டப்பாவோடு அலைந்ததை நினைத்தாரோ என்னவோ, கண் கலங்கிவிட்டது. பிரம்மநாயகிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்தப் பொடியை ஒரு நாளாவது நல்லாயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

டாக்டர் மேலே சொன்னார். உலோக வால்வு வைக்கலாம், ஆயுசுக்கும் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். வயிற்றில் புண் வந்து ரத்தம் போன ஆளுக்கு அந்த மாத்திரை ஆபத்து. திரும்ப ரத்தம் வந்தால் நிற்காது.

"அந்தப் புண்ணு எதனாலம்மா வந்தது?"

"விரதம்" என்றாள் பிரம்மநாயகி. குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அப்ப உங்களுக்குச் சவ்வு வால்வுதான் சரி."

"எதோட சவ்வு?"

டாக்டருக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. "ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு பன்னியோடது, ஒண்ணு மாட்டோடது. உங்களுக்கு வைக்கப்போறது மாட்டோடது. பன்னின்னா எங்க ஆட்கள் எழுந்து போயிருவாங்க. மாடுன்னா உங்க ஆட்கள் எழுந்து போயிருவாங்க. ரெண்டு பேரையும் திரும்ப உக்கார வைக்கிறதுதான் என் வேலையில பாதி."

பிரம்மநாயகி எழுந்தாள். எழுந்த வேகத்தில் மூச்சு இரைத்து அவளாகவே மறுபடி உட்கார்ந்தாள். சிவனுக்காகப் பட்டினி கிடந்தாள், பட்டினியால் புண் வந்தது, புண்ணால் மாடு வருகிறது. எந்த இடத்தில் கணக்குத் தப்பியது என்று அவளுக்குப் புரியவில்லை. "எனக்கு வேண்டாம் டாக்டர். வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"போகலாம். ஆனா அடுத்த தடவை விழுந்தா எழுந்திருப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது. அது இந்த மாசமும் இருக்கலாம்."

வார்டில் படுத்துக்கொண்டு அவள் பிடிவாதம் பிடித்தாள். பாபநாசம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வாதாடினார். மின்வாரியத்தில் யாரிடமும் எதிர்த்துப் பேசியறியாதவர், மனைவியின் உயிருக்காக வக்கீலாகிவிட்டார்.

"பால் குடிக்கோம், நெய் ஊத்துதோம். கோயில்ல வாசிக்கிற மத்தளம் என்ன தோலு? அதை உள்ள விட்டுத்தானே சாமி கேட்டுக்கிட்டு இருக்கு?"

"மத்தளம் வெளிய இருக்கு. இது எனக்குள்ள வருது. இதை வச்சுக்கிட்டு எந்த மொகத்தோட நான் நெல்லையப்பர் முன்னால நிப்பேன்?"

"செத்துப்போனா மட்டும் நிக்க முடியுமா?"

மகன் கனடாவிலிருந்து வீடியோவில் வந்தான். மாட்டு வால்வு என்று சொன்னதும், "சரிம்மா, நல்லதுதான், சீக்கிரம் வச்சுக்கோ" என்றான். அவன் கொஞ்சம்கூடத் திடுக்கிடாதது பிரம்மநாயகிக்குப் பிடிக்கவில்லை. அங்கே என்ன சாப்பிடுகிறான் என்று கேட்க வாயெடுத்தாள். பதில் வந்துவிடுமோ என்று பயந்து கேட்காமல் விட்டாள்.

மறுநாள் காலையில் ஊசி போட வந்த நர்ஸைப் பார்த்ததும் பிரம்மநாயகிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே சின்னச் சிலுவை. ஜெனோவா. ஆனால் அந்தப் பெண் சாதாரணமாகக் கையைப் பிடித்து நரம்பைத் தேடினாள்.

"என்னை அடையாளம் தெரியுதா?" பிரம்மநாயகியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இல்லியேம்மா."

"குறுக்குத்துறை ரோட்டுல மாடி கேட்டு வந்தியே. போர்டு..."

ஜெனோவா யோசித்துப் பார்த்தாள். சிரித்தாள். "எந்த வீடுன்னு நெனவில்லம்மா. அப்ப ஏகப்பட்ட வீடு ஏறி இறங்குனோம். எல்லா வீட்லயும் போர்டு இருந்திச்சு. இப்ப உவரியிலயிருந்துதான் பஸ்ல வந்து போறேன். விடியமுன்ன கிளம்புனாச் சரியா இருக்கும்" என்று சொல்லிப் பஞ்சை வைத்து அழுத்திவிட்டுப் போனாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் பிரம்மநாயகி சமாளித்திருப்பாள். தான் அவ்வளவு கண்டிப்பாகச் சாத்திய கதவு, ஏகப்பட்ட கதவுகளில் ஒன்று என்பதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

அவளுக்குச் செத்துப்போகப் பயமாக இருந்தது. சைவத்துக்காக உயிரை விட்டாள் என்று ஊர் பேசும் என்பதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது, ஆனால் அதைக் கேட்க அவள் இருக்கமாட்டாளே. கல்யாணமான புதிதில் மாடியில் நின்று பார்த்த ஆறு நினைவுக்கு வந்தது. துணி காயப்போடுகிற சாக்கில் போய் நிற்பாள். அதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் போலிருந்தது. சாயங்காலம் பாபநாசத்தைக் கூப்பிட்டாள்.

"மாடே வைக்கச் சொல்லுங்க. ஆனா மதினிக்குத் தெரியக்கூடாது."

மதினி என்பது பாபநாசத்தின் அக்கா உலகம்மை. கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறாள். எந்த ஊருக்குப் போனாலும் சொந்தச் செம்பில் சொந்தத் தண்ணீர் கொண்டுபோவாள். முட்டை போட்டிருக்குமோ என்று பயந்து பிஸ்கட்டைக்கூடத் தொடாதவள். பிரம்மநாயகி தெருவை மிரட்டினாள் என்றால், உலகம்மை பிரம்மநாயகியை மிரட்டினாள். "இரும்புன்னு சொல்லிருவோம்" என்றார் பாபநாசம். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று மேலே சொன்னது அன்று சாயங்காலத்தோடு காலாவதியாகிவிட்டது.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த அன்றே உலகம்மை செம்பும் பாத்திரமுமாக வந்து இறங்கிவிட்டாள். நாயகியை எழவிடவில்லை, அடுக்களையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அன்பில் குறை சொல்ல முடியாது. தினமும் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியில் திருநீறு பூசிவிடுவாள்.

"இப்பல்லாம் மாட்டுது, பன்னிதுன்னு என்னத்தையோ வைக்காங்களாம். கேக்கவே கொமட்டுது. அதுக்குப் பதிலாப் போய்ச் சேந்துரலாம். நீ புண்ணியவதி, உனக்கு இரும்பு கெடச்சுது."

பிரம்மநாயகி வாயிலிருந்த சொதிச் சோற்றை மெல்ல விழுங்கினாள்.

"ஆமா, கல்லிடைக்குறிச்சியில ஒருத்தருக்கு இரும்பு வால்வு வச்சிருக்கு. கிட்டப் போனா கடிகாரம் மாதிரி டிக்கு டிக்குன்னு கேக்கும். உனக்கு எப்படிக் கேக்குன்னு பாப்பம்" என்று சொல்லி, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் உலகம்மை குனிந்து அவள் நெஞ்சில் காதை வைத்துவிட்டாள். பாபநாசம் கையிலிருந்த காப்பியோடு அப்படியே நின்றார். உலகம்மை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இந்தக் காதை இடம் மாற்றி அந்தக் காதை வைத்தாள்.

"சத்தமே கேக்கலியே!"

"அது... ஜெர்மன் ஸ்டீல்க்கா" என்றார் பாபநாசம். "புதுசா வந்திருக்கு. சத்தம் வராது."

ஒரு வாரத்தில் கல்லிடைக்குறிச்சி முழுக்கத் தெரிந்துவிட்டது. நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும், சத்தம் வராத ஜெர்மன் ஸ்டீலைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். ஒருவர் அந்த வால்வு எந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கும் என்று தன் தம்பிக்காக விசாரித்தார். பாபநாசம் ஒவ்வொருவருக்கும் சொல்லச் சொல்ல அந்த ஸ்டீலுக்குப் புதுப் புதுச் சிறப்புகள் சேர்ந்துகொண்டே போயின.

நெஞ்செலும்பு கூடி, டாக்டர் இனி படி ஏறலாம் என்று சொன்ன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அது. உலகம்மை அடுக்களையில் துவையலுக்கு இஞ்சி சீவிக்கொண்டிருந்தாள். பாபநாசம் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். மாடியிலிருந்து வழக்கம்போலச் சாம்பிராணிப் புகை இறங்கியது. அந்தப் பக்தியான பிள்ளைகளுக்குத் தன் கையாலேயே திருநீறு கொடுத்துவிட்டு வரலாம் என்று பிரம்மநாயகிக்குத் தோன்றியது. கோயில் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு படியில் கால் வைத்தாள்.

நாலாவது படியில் பழக்கத்தினால் நின்றாள். காக்காயைத் தேடினாள். நெஞ்சு அழுத்தவில்லை, மூச்சு இரைக்கவில்லை. நிற்பதற்குக் காரணமே இல்லை என்று தெரிந்ததும் மேலே ஏறினாள். ஏறிக்கொண்டே போனாள். மாடியில் போய் நின்றபோது வெயில் முகத்தில் அடித்தது. வாழைத்தோப்புகளுக்கு அந்தப் பக்கம் ஆறு, கொஞ்சமாகத் தண்ணீரும் நிறைய வெளிச்சமுமாகத் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. பார்க்க யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதாள்.

அழுது முடித்து மூக்கை உறிஞ்சியபோதுதான் அந்த வாடை உள்ளே போனது.

புகைக்கு அடியில் வேறொன்று இருந்தது. சேலையில் ஒரு தடவை வாங்கியவள் அவள், தப்பாது. அடுக்களைச் சன்னலுக்குப் போனாள். உள்ளே வேணி தோசைக்கல்லில் நெய்மீன் துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சிவகணேஷ் நெற்றி நிறையத் திருநீறோடு, ஒரு கையில் சாம்பிராணிக் கரண்டியும் இன்னொரு கையில் விசிறியுமாகப் புகையைச் சன்னல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான். தள்ளிய புகை நேராக வீட்டுக்காரியின் முகத்துக்கு வந்தது.

வேணி கையிலிருந்த தோசைத் திருப்பி கீழே விழுந்தது. "அத்தை! நீங்க எப்படி மேல..."

"ஏறி வந்தேன்."

"தூத்துக்குடியில ரெண்டு வருசம் வேலை பாத்தேன் அத்தை" என்று சிவகணேஷ் குழறினான். "அங்கன பழகிட்டு. விட முடியல. எத்தனையோ வீடு பாத்தோம். நம்மாளுக வீட்டுலல்லாம் அடுக்களை வரைக்கும் வந்து எட்டிப் பாக்காங்க. இங்கனதான்..." நிறுத்திக்கொண்டான்.

"இங்கனதான்?"

"வீட்டுக்கார அத்தையால மாடி ஏற முடியாதுன்னு புரோக்கர் சொன்னார்."

அவர்கள் மாடியைப் பார்த்து வரவில்லை, அவளுடைய நோயைப் பார்த்து வந்திருக்கிறார்கள். பிரம்மநாயகிக்குக் காது மடல் சூடாகியது. பொய் சொல்லி உள்ளே வந்தவர்களுக்கு என் வீட்டில் இடமில்லை, இந்த மாதமே காலி பண்ணுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கீழேயிருந்து உலகம்மையின் குரல் வந்தது.

"ஏ நாயகி! எங்க போயிட்டா இவ? என்னமோ ஒரு வாடை வருதே, மேலயிருந்தா வருது?"

வேணி கையெடுத்துக் கும்பிட்டாள். சிவகணேஷின் கரண்டியில் சாம்பிராணி அணைந்துகொண்டிருந்தது. பிரம்மநாயகி திறந்த வாயை மூடவில்லை. பொய் சொல்லி இந்த வீட்டுக்குள் வந்தவர்களில் இவர்கள் முதல் ஆள் இல்லை. ஏரலிலிருந்து வாயு என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து இரும்பு என்று சொல்லிக்கொண்டு அவளே மறுபடி வந்தாள்.

"சாம்பிராணி மதினி!" என்று கீழே பார்த்துச் சத்தம் கொடுத்தாள். திரும்பி வேணியிடம் தணிந்த குரலில் சொன்னாள். "சன்னலைச் சாத்து. சாத்திட்டு வை."

சொன்ன பிறகுதான் இந்த வார்த்தையை முன்னால் எங்கே கேட்டோம் என்று நினைவு வந்தது. வாசலில் நின்று ஒருத்தி இதையேதான் சொன்னாள், ஒளிக்காமல், மீன் என்று பெயரையும் சொல்லி. அவளிடம் பரீட்சை சொதி வரைக்கும் போகவே இல்லை. அவள் இன்றைக்கும் விடியுமுன் உவரியில் பஸ் ஏறியிருப்பாள். திருநீற்றுப் பொட்டலத்தைச் சன்னல் திண்டில் வைத்துவிட்டுப் பிரம்மநாயகி இறங்கினாள்.

படியடியில் உலகம்மை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "மாடிக்கா போன! அந்த உச்சி வரைக்குமா! ஜெர்மன் ஸ்டீலுன்னா ஜெர்மன் ஸ்டீலுதான்" என்று திருஷ்டி கழித்துக் கன்னத்தில் விரலை முறித்தாள். "மேல இருக்கிற பிள்ளைக எப்படி? நல்ல பிள்ளைகதானா?"

"நம்மாளுகதான மதினி" என்றாள் பிரம்மநாயகி. "சுத்த சைவம்."

உலகம்மை திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு இஞ்சி சீவப் போனாள். பிரம்மநாயகியின் நெஞ்சுக்குள் மாடு தன்பாட்டுக்கு, சத்தமில்லாமல், வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.